‘ஈழம்’ காணாமற்போன பக்கம்

அம்பாறை மாவட்டத்துக் காரைதீவிலிருந்து ஒரு நண்பர் பழைய பென் ட்ரைவ் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே கோயில் மலர் ஒன்றுக்காக எழுதப்பட்ட கட்டுரைகள், எல்லாம் வேர்ட் கோப்புகளாக. பல வருடங்களுக்கு முன் டைப் செட்டிங் செய்தவை. “இதையெல்லாம் இணையத்தில் போட்டுவிட ஏலுமா? ஊர்ப் பிள்ளைகள் போனில் வாசிக்கட்டும்” என்று கேட்டிருந்தார். அரை மணித்தியால வேலை என்றுதான் நினைத்தேன். முதற் கோப்பைத் திறந்தபோது திரையில் தமிழே இல்லை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு ஆங்கில எழுத்துகள் நின்றன: எஃப், எச், ஐ, யு, ஜே, பி, டி. கடைசி இரண்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறியவை.

இலங்கையில் தட்டச்சுப் பழகிய எவரும் இதைப் பார்த்ததும் வாசித்துவிடுவார். எஃப் என்றால் க. எச் என்றால் கால். ஐ, ஐகாரக் கொம்பு. யு, ரகரம். ஜே, தகரம். பெரிய பி, ஈகாரக் குறி. பெரிய டி, வு. கூட்டினால் ‘காரைதீவு’. கோப்பு பழுதாகவில்லை. என் கணினியில் பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

கணினிக்கு எழுத்து என்று ஒன்றும் தெரியாது. எண் மட்டுமே தெரியும். சிறிய எஃப் அதற்கு 102. அந்த எண்ணைக் கண்டதும் திரையில் எந்த வடிவத்தை வரைவது என்று சொல்வது எழுத்துருவின் வேலை. பாமினியைச் செய்தவர்கள் 102 ஆம் இடத்திலிருந்த ஆங்கில வடிவத்தை எடுத்துவிட்டு அங்கே ‘க’வை வரைந்து வைத்தார்கள். கணினி அதை எஃப் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். நாம் க என்று படிப்போம். இதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸ் 2000 வரும்வரை அந்த இயங்குதளத்தில் தமிழுக்கென்று ஓர் இடமே இருக்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழைக் குடியேற்றி, பத்திரிகையும் பரீட்சை வினாத்தாளும் கலியாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அச்சாக்கிக் காட்டிய கெட்டித்தனம் அது. காகிதத்தில் அச்சாகும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தை வாசிப்பது மனிதக் கண். வலைப்பக்கத்தை முதலில் வாசிப்பது இயந்திரம்.

வலைப்பக்கம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்துக் கோப்புத்தான். அதில் இடையிடையே சில குறிப்புகள் இருக்கும்: இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, இது படம். சாதாரண எழுத்திலிருந்து இந்தக் குறிப்புகளைப் பிரித்துக் காட்ட இரண்டு கணிதக் குறிகளைப் பயன்படுத்துகிறார்கள். < வந்தால் குறிப்புத் தொடங்குகிறது. > வந்தால் முடிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ளதை உலாவி தனக்குச் சொல்லப்பட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளும், வாசகருக்குக் காட்டாது.

நண்பரின் கட்டுரையில் ஒரு பத்தியை அப்படியே எடுத்து, பாமினி எழுத்துருவையும் இணைத்து, ஒரு வலைப்பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் வசனம் ஒன்று நடுவில் அறுந்திருந்தது. மூலத்தோடு ஒப்பிட்டபோது புரிந்தது: ‘ஈழத்து’ என்ற சொல்லிலிருந்து அடுத்த காற்புள்ளி வரைக்கும் எதுவுமே இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தபோது சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டேன். பாமினியில் ‘ஈ’ எழுத்து இருக்கும் இடம் < குறியின் இடம். காற்புள்ளி இருக்கும் இடம் > குறியின் இடம். ‘ஈழம்’ என்று வரும்போதெல்லாம் உலாவி ஒரு கட்டளை தொடங்குவதாக எண்ணுகிறது. காற்புள்ளியைக் கண்டதும் கட்டளை முடிந்ததாக எண்ணுகிறது. இடையில் இருந்த வார்த்தைகளை அது தனக்கென்று வைத்துக்கொள்கிறது. ஈகை, ஈரம், ஈச்சமரம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஓர் ஊரின் மலரிலிருந்து ‘ஈழம்’ என்ற சொல்லை யாரும் வெட்டவில்லை. அந்த எண்ணுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது; இயந்திரம் தனக்குத் தெரிந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டது.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்தது என்று எண்ணியிருந்தேன். அதே பென் ட்ரைவில் கண்ணகி வழக்குரை பற்றிய கட்டுரையை வாசித்தபோது அந்த எண்ணம் மாறியது.

காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரைக் காவியம் படிக்கப்படும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரமெங்கும் உள்ள கண்ணகை கோயில்களின் வழக்கம் அது. காவியத்தைப் பாடிப் பாடி வந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். தலைமுறை தலைமுறையாக ஏட்டில் இருந்த அந்தக் காவியத்தை வி. சீ. கந்தையா பதிப்பித்தார், காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் 1968 இல் நூலாக வெளியிட்டது. ஏட்டிலிருந்து காகிதத்துக்கு மாற்றிய அந்த உழைப்பும், வேர்டிலிருந்து வலைக்கு மாற்றும் இந்த உழைப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஏட்டுத் தமிழ் எப்படி இருந்தது? மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரகரமும் காலும் ஒரே வடிவம். ஏட்டில் அந்தக் கோட்டைக் கண்டால் ‘கர’ என்று படிப்பதா, ‘கா’ என்று படிப்பதா என்பதைச் சொல்லறிந்த, யாப்பறிந்த ஒருவர்தான் முடிவுசெய்ய வேண்டும். உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடு பார்த்துப் பதிப்பித்த காலத்தில் பட்ட பாட்டில் பெரும்பங்கு இதுதான். வடிவத்தைப் பார்த்து அர்த்தத்தைத் தெரிவது.

அந்த இரட்டை வடிவம் ஓலையோடு ஒழியவில்லை. அச்சு வந்தபின் ரகரத்துக்கு அடியில் ஒரு சாய்கீற்று வந்தது. காலுக்கு அது இல்லை. ஆனால் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ ஆகியவற்றை அச்சிட்டபோது கீற்றை விட்டுவிட்டு, கால் போன்ற கோட்டின் மேலேயே புள்ளியையும் சுழியையும் வைக்கும் பழக்கம் தொடர்ந்தது. அந்தப் பழக்கம் பாமினிக்கும் வந்தது. ‘அவர்’ என்று அடிக்க, பலர் ரகர விசையைத் தொடவே மாட்டார்கள். கால் விசையைத் தட்டி அதன்மேல் புள்ளி வைப்பார்கள். திரையில் ‘அவர்’ என்று அழகாகத் தெரியும். பாமினி எழுத்தை வலைக்குரிய தமிழ்க் குறிமுறைக்கு மாற்றும் நிரலை மாற்றி என்பார்கள். அப்படி ஒரு மாற்றி இதை எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கிடைப்பது ‘அவ’, பிறகு கால், பிறகு புள்ளி. கண்ணுக்கு ‘அவர்’தான். தேடுபொறிக்கு அது தமிழில் இல்லாத ஒரு சொல். இலங்கைத் தமிழ் இணையத்தளங்களில் இப்படிக் காலும் புள்ளியுமாக எழுதப்பட்ட ‘அவர்கள்’ எத்தனையோ ஆயிரம் இடங்களில் கிடக்கிறது. ஒழுங்காக எழுதித் தேடுபவருக்கு அந்தப் பக்கங்கள் அகப்படுவதில்லை. ஓலை எழுதியவரின் ஒரு கோடு இன்றைய தேடலை மறிக்கிறது என்றால் நம்பக் கடினந்தான். ஆனால் அதுதான் நடக்கிறது.

‘வெளியீடு’ என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு துன்பம். பாமினியில் ஒற்றைக் கொம்பு, வகரம், ளகரம், இகரக் குறி என்று ‘வெளி’யை அடிக்க வேண்டும். ‘வௌவால்’ என்பதன் முதலெழுத்தை அடிக்கவும் அதே கொம்பு, அதே வகரம், அதே ளகர வடிவந்தான். அவசரக்கார மாற்றி, கொம்பையும் ளகரத்தையும் கண்டவுடன் ஔகாரம் என்று முடிவுகட்டிவிடும். பிறகு எஞ்சியிருக்கும் இகரக் குறியை அந்த ஔகாரத்தின் மேலேயே தூக்கி வைக்கும். அரச அறிக்கைகளிலும் செய்தித் தளங்களிலும் ‘வெளிநாடு’, ‘தெளிவு’, ‘வெளியீடு’ எல்லாம் இப்படி ஊனப்பட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான் என்பதுதான் என்னைப் பெரிதும் வியக்க வைத்தது. மருந்து கணினி நூலில் இல்லை; நாலாம் வகுப்புத் தமிழில் இருக்கிறது. ஒரு மெய்யின் மேல் இரண்டு உயிர் ஏறாது. கால் வந்த பிறகு புள்ளியோ சுழியோ வர முடியாது. வந்தால் அது கால் அல்ல, ரகரம். ஔகாரத்தின் மேல் இகரக் குறி ஏற முடியாது. ஏறியிருந்தால் அது ஔகாரம் அல்ல, எகரக் கொம்பும் தனி ளகரமும். மாற்றியை எழுதுபவர் இந்த ஒரு விதியை நிரலில் சேர்த்துவிட்டால் போதும்; ‘அவர்’ அவராகிறது, ‘வெளி’ வெளியாகிறது. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் எழுதிய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ போன்ற ஒரு நூலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நிரல் எழுதுவது நல்லது என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன்.

இனி வேர்ட் கோப்புக்குள் போகலாம். 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் வேர்ட் பயன்படுத்தும் ‘டொக்ஸ்’ கோப்பு உண்மையில் ஒரு பொதி. அதன் பெயரின் வால்பகுதியை ‘ஸிப்’ என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள் தெரியும். படங்கள் ஓரிடத்தில், பாணிகள் ஓரிடத்தில், எழுத்து முழுவதும் ஒரே கோப்பில். அந்த எழுத்துக் கோப்பைத் திறந்தால், நாம் ஒரு வரியாக அடித்தது பல துண்டுகளாக வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பத்தி, பத்திக்குள் பல ‘ஓட்டங்கள்’. எழுத்துரு மாறினால் புதிய ஓட்டம், தடிப்பு மாறினால் புதிய ஓட்டம், பிறகொருநாள் வந்து ஒரு சொல்லைத் திருத்தினால் அதற்கும் புதிய ஓட்டம். பாமினிக் கோப்பில் இன்னொன்றும் உண்டு. வேர்ட் அதை ஆங்கிலம் என்றே எண்ணுவதால், ஒவ்வொரு சொல்லும் எழுத்துப் பிழை என்று குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்புகளும் வரியைத் துண்டாடும்.

எண்ணியதோடு அது நிற்பதில்லை, திருத்தவும் முனையும். ஆங்கில வசனத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது வேர்டின் இயல்பு. பாமினியில் சிறிய ஜே த. பெரிய ஜே து. வசனம் ‘தமிழ்’ என்று தொடங்கினால் வேர்ட் அதைத் ‘துமிழ்’ ஆக்கிவிடும். ‘கடந்த வருடம்’ என்று தொடங்கினால் ‘குடந்த வருடம்’. அனுபவப்பட்ட தட்டச்சாளர்கள் அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். புதியவர்கள் அடித்த கோப்புகளில் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் இந்தக் காயத்தைத் தேட வேண்டும். இதற்கு இயந்திர மருந்து இல்லை. ‘குடந்த’ தவறு, ‘குடம்’ சரி என்பதைத் தமிழ் தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

சுத்தமான வலைப்பக்கம் செய்வது எப்படி என்று எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: வேர்டிலிருந்து நேரே ஒட்டாதே, எல்லா வடிவமைப்பையும் உதறிவிட்டு வெறும் எழுத்தாக்கிய பிறகு தொடங்கு. அதில் நியாயம் இருக்கிறது. வேர்ட் தானாக வலைப்பக்கமாகச் சேமிக்கும்போது, மறுபடி தன்னிடமே திரும்பி வந்தால் அச்சொட்டாக அதே தோற்றம் வரவேண்டும் என்பதற்காக, ஓரம் எத்தனை, எழுத்தளவு எத்தனை, வரியிடை எத்தனை என்று பத்திக்குப் பத்தி எழுதித் தள்ளும். இரண்டு வரிச் செய்தியைச் சுற்றி இருபது வரிக் குறிப்பு. 2000 ஆம் ஆண்டையொட்டி இது பெருந்தொல்லையாகி, வலைத்தரங்களை வகுக்கும் அமைப்பிலிருந்த டேவ் ரகெட் எழுதிய ‘டைடி’ என்ற கருவியில் வேர்ட் 2000 குப்பையைக் கூட்டுவதற்கென்றே தனி ஏற்பாடு வைத்தார்கள்.

ஆனால் பாமினிக் கோப்புக்கு அந்தப் பொது அறிவுரை நஞ்சு. ஏனென்றால், எழுத்துருவின் பெயர் ஒன்றுதான் அங்கே மொழியைக் காட்டும் அடையாளம். அதை உதறிவிட்டால் தமிழ் எது, ஆங்கிலம் எது என்று பிரிக்க வழியில்லை. தமிழ்க் கட்டுரையின் நடுவே ஆங்கில எழுத்துருவில் ‘ரோட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தால், மாற்றி அதைச் ‘சழயன’ என்று தமிழாக்கி வைக்கும். காற்புள்ளி விசையில் பாமினிக்காரர் ‘இ’ வைத்திருக்கிறார். ஆகவே ஆங்கில எழுத்துருவில் அடித்த 10,000 என்ற எண் ‘10இ000’ ஆகும். சாய்கோட்டு விசையில் ஆய்தம் இருக்கிறது; 26/12/2004 என்ற திகதி ‘26ஃ12ஃ2004’ ஆகும்.

இந்தக் கடைசி இரண்டு உதாரணத்தையும் யோசித்துத்தான் எடுத்தேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் மிக அதிகம் இழந்த மாவட்டம் அது. காரைதீவும் சாய்ந்தமருதும் மருதமுனையும் இழந்தவற்றுள் உயிர்களுக்கும் வீடுகளுக்கும் அடுத்ததாகக் கடிதங்களும் படங்களும் பதிவுகளும் இருந்தன. அந்த நாளை எழுதி வைத்த ஒரு கட்டுரையில் திகதியும் எண்ணிக்கையும் சிதைந்து நின்றால் அதை வெறும் எழுத்துப் பிழை என்று விட்டுவிட முடியாது.

ஆய்தத்தை அடியோடு சாய்கோடாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். இந்தக் கரையில் அதுவும் கூடாது. நுஃமான், அஷ்ரஃப் என்று பேர் பேராக ஆய்தம் வாழும் ஊர்கள் கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும். ஆய்தத்தைத் தொலைத்தால் மனிதர்களின் பெயர் தொலையும். எண்ணுக்கு நடுவே வந்தால் சாய்கோடு, எழுத்துக்கு நடுவே வந்தால் ஆய்தம் என்று ஒரு விதி செய்துகொள்ளலாம். அதைவிட நேரான வழி, வடிவமைப்பு உயிரோடிருக்கும்போதே ஒவ்வோர் ஓட்டத்தின் எழுத்துருப் பெயரையும் பார்த்து, பாமினி என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்றுவது. முதலில் எழுத்தை மாற்று, பிறகு குப்பையைக் கூட்டு. வரிசையைத் தலைகீழாக்கினால் திரும்பி வர வழி கிடையாது.

மாற்றிய எழுத்து போய்ச் சேரும் இடம் யூனிகோட், அதாவது ஒருங்குறி. அங்கே ‘க’வுக்கு உலகத்தில் வேறெந்த எழுத்துக்கும் இல்லாத ஓர் எண் உண்டு, தமிழுக்கென்று 128 இடம் கொண்ட தனிப் பகுதி உண்டு. ஒருங்குறியில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் வரும், கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும். ‘காரைதீவு’ அங்கே எட்டுக் குறிகள். வலைக்கு அனுப்பும் வடிவத்தில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வீதம் இருபத்துநான்கு பைட். பாமினியில் ஏழே பைட்டில் முடிந்த ஊர்ப் பெயர் மூன்று மடங்குக்கும் மேல் பருத்துவிட்டது. பருத்ததற்குப் பயன் இருக்கிறது. எழுத்துரு எதுவானாலும் அது காரைதீவுதான்; டொரொன்டோவில் ஒரு பேரப்பிள்ளை போனில் தேடினால் கிடைக்கும். கண் தெரியாத வாசகர் ஒருவரின் திரைவாசிப்பான் அதை ‘காரைதீவு’ என்று உச்சரிக்கும். பாமினிப் பக்கத்தில் அதே வாசகருக்குக் கேட்பது ஏழு ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். இந்த ஒரு காரணம் போதும், மற்றதெல்லாம் இருக்கட்டும்.

எழுத்து சரியானபின் கட்டமைப்பு. இங்கேயும் அதே நோய்தான், வேறு உருவில். நமது கோப்புகளில் தலைப்பு என்று ஒன்று இருப்பதில்லை. பெரிய எழுத்தில், தடிப்பாக, நடுவில் இருக்கும் ஒரு வரி இருக்கிறது. பார்ப்பவருக்கு அது தலைப்பு. இயந்திரத்துக்கு அது தடித்த பத்தி. வேர்டிலேயே ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்று பாணிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் ‘மம்மத்’ என்ற மாற்றியோ, பெர்க்லி பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் ஜோன் மக்பார்லேன் எழுதி இலவசமாகத் தந்த ‘பான்டொக்’ என்ற மாற்றியோ ஒரு கணத்தில் நல்ல வலைப்பக்கம் செய்து தந்துவிடும். இந்தக் கருவிகள் எழுத்தளவையும் ஓரத்தையும் கண்டுகொள்வதில்லை. எந்தப் பாணி என்று மட்டுமே கேட்கின்றன. நண்பரின் கோப்புகளில் ஒரே ஒரு பாணிதான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு தலைப்பையும் நானே வாசித்து, நானே பெயர் சூட்ட வேண்டியிருந்தது.

இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்த தலைப்புகள் வலையில் இடது ஓரத்துக்கு ஓடிவிட்டன. எத்தனை இடைவெளி இருந்தாலும் உலாவி அவற்றை ஒன்றாக்கித்தான் காட்டும். பாட்டு வரிகள் இன்னொரு துன்பம். வழக்குரையின் பாடல்களில் வரிக்கு வரி ‘என்டர்’ தட்டியிருந்ததால் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகி, நடுவே பெரிய வெளி விழுந்து, பாட்டு பாட்டாக இல்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இருப்பது வரி முறிவு. ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையில் இருப்பதுதான் பத்தி முறிவு. இதைத் தீர்மானிக்க யாப்பு தெரிய வேண்டும். ஏடு பார்த்த பதிப்பாசிரியர் செய்த அதே வேலை.

காரைதீவைப் பற்றி எழுதும்போது இந்த ஊரில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்று, தமிழ்ப் பேராசிரியரானவர். அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். பழந்தமிழ் இசையைக் கணிதத்தால் அளந்து பார்த்த அந்த நூலைப் போன்ற ஒன்றை வலைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஆதார ஸ்வரத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3/2. எழுத்துருவை உதறிவிட்டு மாற்றினால் அது ‘3ஃ2’. அட்டவணையைப் படமாக ஒட்டினால் தேடவும் முடியாது, கேட்கவும் முடியாது. இடைவெளி தட்டி நிரல்படுத்திய அட்டவணையோ நொறுங்கிப்போகும். வரிசையும் நிரலும் கொண்ட உண்மையான அட்டவணையாகச் செய்தால்தான் ஒவ்வொரு ஸ்வரமும் தன் எண்ணோடு சேர்ந்து நிற்கும். இசைக்கு அவர் கொடுத்த துல்லியத்தை எழுத்துக்கு நாம் கொடுக்க வேண்டாமா?

இந்த வேலையைத் தமிழர்கள் கூட்டாகவும் செய்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் அடித்து அனுப்பிய பழந்தமிழ் நூல்களை இலவசமாக வெளியிட்டது. அதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசானில். வலை பிறந்த சேர்ன் ஆய்வுகூடம் இருப்பது ஜெனீவாவில். ஒரே ஏரியின் கரையில், அறுபது கிலோமீற்றர் அளவு தூரத்தில், ஒருவர் வலைப்பக்கத்தை உண்டாக்க, சில ஆண்டுகளில் இன்னொருவர் அதில் சங்கத் தமிழை ஏற்றினார். மதுரைத் திட்டமும் தொடக்கத்தில் வேறு குறிமுறைகளில் இருந்து, பிறகு ஒருங்குறிக்கு மாறிய ஒன்றுதான். இங்கே 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பெரும்பாலும் வருடிய பக்கங்களாகச் சேமித்து வருகிறது. வருடிய பக்கம் நூலின் முகத்தைக் காக்கும். அதன் சொல்லைத் தேடக்கூடியதாக்குவது அடுத்த வேலை. அந்த வேலைக்கு, எங்கோ ஒரு கணினியில் தூங்கும் வேர்ட் கோப்புக் கிடைத்தால் அது பெரும் பேறு. மறுபடி அடிக்கத் தேவையில்லையே.

நண்பரின் மலரில் பதினொரு கட்டுரைகள். அரை மணித்தியாலம் என்று நினைத்த வேலை மூன்று வாரம் எடுத்தது. ‘ஈழம்’ திரும்பி வந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். காரைதீவிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ, அல்லது வேறு எந்த ஊரிலோ, பாடசாலை மலர், கோயில் மலர், பள்ளிவாசல் மலர், நினைவு மலர் என்று எதையாவது பாமினியில் அடித்த கோப்புகள் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். பி.டி.எப். இருக்கிறது என்று வேர்ட் கோப்பை வீசிவிடாதீர்கள். வெறும் எழுத்தாக நகலெடுத்தும் வைக்காதீர்கள். மூலக் கோப்பையும், அதில் பயன்படுத்திய எழுத்துருக் கோப்பையும் ஒரே உறையில் இட்டு, எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த எழுத்துரு என்று ஒரு வரி எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். இனிமேல் அடிக்கும் எதையும் ஒருங்குறியில் அடியுங்கள். தலைப்பைத் தலைப்பு என்று சொல்லி அடியுங்கள்.